வேன் ஓட்ட ஒன்று, குலை வெட்ட ஒன்று

நாற்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூட வேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்தேன். எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் காலையில் கோலா சிலாங்கூர் டவுன் பள்ளியில் விட்டு, மதியம் திரும்ப அழைத்து வரும் வேலை. காலையில் தொல்லை இல்லை. மதியம்தான் தார் ரோடு மினுங்கும். போதாததற்கு இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். வீடு வந்து சேர்வதற்குள் தலை விண்விண் என்று தெறிக்கும்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் இருந்ததிலேயே கறுப்பான கண்ணாடியாகப் பார்த்து வாங்கினேன். கறுப்பு கூடக் கூடக் கண்ணுக்கு நல்லது என்று நினைப்பு. பிள்ளைகளும், “ஆன்ட்டி, ஸ்டைல் லா!” என்று கத்தினார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்றாவது வாரம். வெயில் ரோட்டிலிருந்து தோட்டத்து மண்பாதைக்குத் திரும்பினேன். செம்பனை நிழலுக்குள் நுழைந்ததும் கண் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை.

“ஆன்ட்டி, மாடு! மாடு!”

பிரேக்கை மிதித்தேன். வேன் நின்ற இடத்துக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு கை அளவுதான். அது அசையாமல் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பாதையைக் கடந்தது. பிள்ளைகள் யாருக்கும் அடியில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மறுபடி வேனை எடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “எனக்கு இந்த வேலை ஒத்துவராதுங்க.”

அவர் தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை வெட்டுகிறவர். “போன வாரம் எனக்குக் கண் சிவந்துச்சே, தூசி விழுந்துச்சுன்னு சொன்னேன்ல? உன் கண்ணாடியத்தான் போட்டுக்கிட்டுப் போனேன். நிழல்ல குலை தெரியல. நெத்திக்கு ஏத்தி விட்டேன். ஓலைச் சிராய் நேரா கண்ணுக்குள்ள” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு.

சனிக்கிழமை இருவரும் கோலா சிலாங்கூரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த இளம்பெண் எதையும் எடுத்துக் காட்டவில்லை. “கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்ன செய்வீங்க அக்கா?” என்று கேட்டாள். மாட்டுக் கதையையும் அவருடைய சிராய்க் கதையையும் சொன்னேன். என் கறுப்புக் கண்ணாடியை வாங்கி, ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது இருட்டுதான் குடுக்குது அக்கா, பாதுகாப்பு குடுக்கல. இருட்டுல கண்ணோட பாப்பா பெருசா விரியும். கண்ணாடி தடுக்காத வெயில் கதிரெல்லாம் கூடவே உள்ள போகும்.”

பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொடுத்து என்னை வாசலுக்கு அழைத்துப் போனாள். “அந்தக் காரோட முன்கண்ணாடியப் பாருங்க.” வெறும் கண்ணுக்கு வானம்தான் அதில் பளபளத்தது. பழுப்புக் கண்ணாடியைப் போட்டதும் பளபளப்பு மறைந்து, உள்ளே சீட்டில் கிடந்த குடை தெரிந்தது. போலரைஸ்ட் என்றாள். “ரோட்டுக்கும் தண்ணிக்கும் இதுதான். ஆனா நிழலுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க. போன் திரை இதுல கறுப்பாத் தெரியும், பயப்படாதீங்க.”

“எனக்கும் இதே குடும்மா” என்றார் வீட்டுக்காரர்.

“அண்ணனுக்கு வெயிலா பிரச்சினை? மேலேருந்து விழுறதுதானே?” என்று, பக்கவாட்டில் மறைப்பு வைத்த வெள்ளைக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். நிறமே இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் திங்கள்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அன்று மதியம் பழுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேனை எடுத்தேன். வயல் பக்கம் வந்ததும் ரோட்டின் பளபளப்பு அடங்கி, வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் நாற்றின் அடிவரை பார்க்க முடிந்தது. தோட்டத்துத் திருப்பத்துக்கு முன்னால் வேனை ஓரம் கட்டிக் கண்ணாடியைக் கழற்றினேன். கண் பழகும்வரை இருந்துவிட்டு மெதுவாக உள்ளே போனேன். தலைவலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இப்போது மதிய வகுப்புப் பிள்ளைகளையும் ஏற்றுகிறேன். போன ஞாயிறு பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊருக்குத் தூண்டில் போட வீட்டுக்காரர் என் பழுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போனார். தண்ணீர் கலங்கல்தான், ஆனால் தக்கை துளிகூடக் கூசாமல் தெரிந்ததாம். இரண்டு மீன். திருப்பித் தர மனசே இல்லை அவருக்கு. சனிக்கிழமை மறுபடியும் அந்தக் கடைக்குப் போகவேண்டும்.