ஒன்றும் நடக்காத பயணம்

வெளிநாட்டுக்குத் தனியாகப் போகிறவர்கள் பருப்புப்பொடி எடுத்துப் போகக் கூடாது. முதல் பயணத்தில் என் பெட்டிக்குள் பொட்டலம் பிரிந்து கொட்டிவிட்டது. ஊர் திரும்பும் வரை என் துணியெல்லாம் சமையலறை வாசம் அடித்தது. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. போகிற நாட்டு மொழியில் 'நன்றி' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். சில்லறைக் காசு எப்போதும் கையில் இருக்க வேண்டும். பல ஊர்களில் கழிப்பறைக்குக் காசு வாங்குகிறார்கள். பயணம் பற்றி எழுதுகிற ஆண்கள் மலையைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறார்கள், கழிப்பறையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

போடியில் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்வேன். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பிரிக்கிற பெண்களுக்கு நான் மேற்பார்வை. வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் நான் சொல்லப் போவதற்கும் சம்பந்தம் இல்லை, எப்படியும் யாராவது கேட்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். சித்திரை, வைகாசியில் மலையிலிருந்து காய் வரத்து குறைந்துவிடும், கொட்டகையில் வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் நான் கிளம்புவது.

முதன்முதலில் போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"போ. வேண்டாங்கல. ஆனா அங்க ஏதாச்சும் ஆகி எனக்குப் போனு வந்துச்சுன்னா அதோட சரி. பெறகு மூணாறுக்குக்கூட ஒன்னயத் தனியா விடமாட்டேன்."

அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பவர். என் பங்கு நிலத்தில் வருகிற வருமானத்தில் கை வைத்ததில்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான். ஏலக் கூடத்தில் அவர் விலை கேட்டால் அதற்கு மேல் அரை ரூபாய் ஏற்ற மாட்டார் என்று மற்ற வியாபாரிகளுக்கே தெரியும். ஆகவே இதுவும் வெறும் மிரட்டல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜார்ஜியாவுக்குப் போனேன். ஏன் ஜார்ஜியா என்று கேட்டால், விசா சுலபம், பனி பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே முதல் நாள் எனக்குப் பிடித்தது பனி இல்லை, ஓட்டல். நம்மூர் ஓட்டலில் ஒரு பெண் தனியாக நுழைந்தால் "எத்தன பேரும்மா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் இன்னொருவர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆளில்லை என்றால் குடும்ப அறை என்று ஒரு இருட்டு மூலையில் உட்கார வைப்பார்கள். அங்கே ஜன்னல் ஓரத்தில் மேசை காட்டி, ஒரே ஒரு தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது.

ஐந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறாம் நாள் ஒரு மலையூரிலிருந்து தலைநகருக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் விமானம். வேன்கள் சந்தைக்குப் பக்கத்தில் நிற்கும், ஆள் நிறைந்தால் கிளம்பும். பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. இது நம்ம ஜீப்புதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

போடியில் விடிகாலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் வருகிறவர் தூக்குவாளியையோ துணிப்பையையோ சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதன் பிறகு அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. டிரைவர் வண்டியை எடுக்கும் முன்னால் "இது யாரு பையி?" என்று கேட்பார். பைக்குச் சொந்தக்காரர் வரும் வரை திட்டிக்கொண்டே நிற்பார், விட்டுவிட்டுப் போக மாட்டார். நானும் பிள்ளைப் பிராயத்திலிருந்து மலைக்கு அப்படித்தான் போய் வருகிறேன். அது உலகத்தில் எல்லா வண்டிக்கும் உள்ள சட்டம் என்றே நினைத்திருந்தேன்.

வேனில் கடைசியாக ஒரு சீட்டு இருந்தது. பெட்டியைத் தலைநகரில் தங்கிய இடத்திலேயே விட்டு வந்திருந்தேன், என் கைப்பையை அதில் வைத்தேன். பாஸ்போர்ட்டை வழக்கமாக இடுப்பில் கட்டியிருப்பேன். அன்று காலையில் பட்டி உறுத்துகிறது என்று அவிழ்த்துப் பைக்குள் போட்டிருந்தேன். மூன்று மணி நேரப் பயணம் ஆயிற்றே என்று கழிப்பறைக்குப் போனேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வந்தால் வேன் இல்லை.

கடைசியாக வந்த யாரோ ஒருவர் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆள் நிறைந்தது, வண்டி போய்விட்டது. அவர்கள் மேல் குற்றமே இல்லை. அந்த ஊரில் பை என்றால் வெறும் பை.

என்னிடம் கோட்டுப் பையில் கொஞ்சம் காசும் கையில் போனும் இருந்தன. போனைத் திறந்து அண்ணன் எண்ணை எடுத்துவிட்டேன். போடியில் அப்போது மத்தியானம். கூப்பிட்டிருந்தால் ஏலக் கூடத்திலிருந்து எழுந்து வெளியே வந்து எடுத்திருப்பார். சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்த நாட்டில் டாக்டருக்குப் படிக்கிறான், அவனுக்குப் போன் போகும், அவன் நாலு நண்பர்களோடு வருவான். எல்லாம் சரியாகிவிடும். என் பயணங்களும் அன்றோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட் போனதில் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தக் கடைசி வரிதான். போனை அணைத்துக் கோட்டுக்குள் போட்டேன்.

கழிப்பறை வாசலில் காசு வாங்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளிடம் போய் இரண்டு கையாலும் வேன் ஓட்டிக் காட்டினேன், பை மாட்டுவது போலக் காட்டினேன், சாலையைக் காட்டினேன். அந்தக் கோலத்தை நம்மூரில் யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று விபூதி தேடியிருப்பார்கள். அவள் முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்து, அடுத்த வேனில் சாய்ந்து நின்ற டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ அதட்டினாள். அவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு போன் பேசினார், பிறகு இன்னொரு போன். என்னிடம் இரண்டு விரலைக் காட்டி, தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு விரல் இரண்டு மணி நேரம் என்று பிறகுதான் விளங்கியது. அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டியும் உப்புக் கரிக்கிற பாலாடைக் கட்டியும் பிய்த்துக் கொடுத்தாள். வந்தவர்களிடம் காசு வாங்கிப் போட்டாள். இடையில் ஒரு தடவை அவள் எழுந்து போனபோது இரண்டு வெள்ளைக்காரப் பெண்களிடம் நான் காசு வாங்கிப் போட்டேன். வெளிநாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று விசா தாளில் கேட்டால் இதை எழுதலாம்.

கீழேயிருந்து ஏறி வந்த ஒரு வேன் எங்கள் முன்னால் நின்றது. என் வேன் டிரைவர் எதிரே வந்த வண்டியிடம் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நம்ம மலையில் மறந்துபோன மருந்துச் சீட்டையும் சாவியையும் இப்படித்தான் கொடுத்து அனுப்புவார்கள். ஜன்னல் வழியாகப் பை வந்தது, பாஸ்போர்ட் உள்ளே இருந்தது. டிரைவர் திட்டக்கூட இல்லை. நான் அழுதேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் காசு வாங்கப் போய்விட்டாள்.

மறுநாள் விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். அண்ணன் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. மூடிவிட்டு அடுத்த வருடம் வியட்நாம் போனேன், அதற்கடுத்த வருடம் உஸ்பெகிஸ்தான். அண்ணனும் பழகிப்போய், கடைக்கு வருகிறவர்களிடம் "நம்ம பாப்பா போகாத தேசமில்ல, ஒரு நா ஒரு கஷ்டம்னு போனு வந்ததில்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எதிர்வீட்டு டீச்சர் வந்தார். பூகோள டீச்சர். முப்பது வருடம் கரும்பலகையில் நைல் நதியை வரைந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், எகிப்து போகிற செலவையும் விசாரித்துவிட்டார், வீட்டுக்காரரும் போய்வரச் சொல்லிவிட்டார். தைரியம் மட்டும்தான் பாக்கி. நான் பருப்புப்பொடியிலிருந்து கழிப்பறைக் காசு வரை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "இத்தன ஊரு போனீங்களே, ஒரு தடவையாச்சும் தடுமாறிப்போயி நின்னிருப்பீங்கள்ல?" என்று கேட்டார்.

டீச்சரும் என் மதினியும் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று பேசுகிறவர்கள். டீச்சர் காதில் விழுந்தது மதினி காதுக்குப் போகும், அங்கிருந்து அண்ணன் காதுக்கு ஒரு ராத்திரிதான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது டீச்சர், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. உங்களுக்குச் சாமர்த்தியம் உண்டு, நான் மதுரையில் பஸ் மாறவே பதறுகிறவள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, எகிப்து எல்லாம் வேண்டாம் என்று டீச்சர் முடிவு பண்ணிவிட்டதாக மதினி சொன்னாள். அவர் மனசு மாறியதற்கு நான்தான் காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வயதானவர், யோசித்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் அண்ணன் வியாபாரிகள் கூட்டத்தோடு மலேசியா போய் வந்தார். வந்த மறுநாள் வீட்டில் கறிச்சாப்பாடு, பத்துப் பேர் இருந்தோம். ஓட்டல் கார் ஒன்றில் பாஸ்போர்ட்டோடு பையை வைத்துவிட்டு இறங்கியதையும், கூட வந்த வழிகாட்டி ஓடி ஓடித் தேடி மீட்டதையும் அண்ணன் நடித்தே காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கோபம் வந்தது. அடக்க முடியவில்லை. குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் ஜார்ஜியாவில் இப்படி ஆனது என்று ஆரம்பித்து முழுதும் சொன்னேன். நடித்துக் காட்டியதும் நன்றாகத்தான் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு யாரும் யானையைச் சொல்லவில்லை.

"இது எப்ப?" என்றார் அண்ணன்.

"நாலு வருசமாச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுவருசம் விட்டிருப்பீங்களாண்ணே?"

அவர் இலையைப் பார்த்தபடி யோசித்தார். பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம், அத்தனை பேர் முன்னால் அதுதான் கௌரவம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"விட்டிருக்க மாட்டேன் ஆத்தா," என்றார்.

அந்தப் பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. நான் சொன்ன பொய் சரியான பொய்தான் என்றும் அன்று சாயங்காலம் வரை தெம்பாக இருந்தது. சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். வழக்கம் போலக் கதை மதினி வழியாக எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. டீச்சரின் வீட்டுக்காரருக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவருக்கு டீச்சர் கரண்டியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். கழிப்பறைக்காரியைப் பற்றி விவரமாகக் கேட்டார். நான் அழுதேனா என்று கேட்டார், அழுதேன் என்றேன்.

வீட்டுக்காரரின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, அவர் பக்கமே பார்த்துக்கொண்டு டீச்சர் சொன்னார். "அன்னைக்கே இதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிட்டு வந்திருப்பேன்."