சித்தியின் புது ரேட்

எங்கள் சித்தி பாலக்கரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அறுபதாம் கல்யாணம், தென்னூரில் கடைத்திறப்பு என்று யார் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எவ்வளவு என்று கேட்டால் மட்டும் வாயடைத்துவிடும். "பாத்துக் குடுங்க" என்பாள். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள், நன்றாகப் பார்த்து, கம்மியாக.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் சித்திக்கு ஞானம் வந்தது. சிணுங்குகிற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை, அதனால் இனிமேல் சர்ச்சில் நடக்கும் ஞானஸ்நானமும், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் மட்டும்தான் என்று முடிவுசெய்தாள். எண்ணூறு ரூபாய் ஆல்பம் இரண்டாயிரம் ஆனது. இரண்டு வாரம் ஸ்டுடியோ பக்கம் ஒருவரும் வரவில்லை. சித்திக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

எனக்கு வேறு கவலை. என் உயிர்த்தோழிக்கும் அந்த வருடம்தான் புதுநன்மை. அவள் அப்பா ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டிலேயே தையல். "அவங்க பாவம் சித்தி, பழைய ரேட்டே வாங்கிக்கோ" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். புது ரேட்டைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆல்பம் கொடுத்த மறுவாரமே, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அம்மாக்கள் பேசிக்கொண்டதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அன்று மாலை தோழியின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வாங்கிவந்து வைத்த காபியைத் தொடவில்லை.

"எங்களுக்கு மட்டும் ஏங்க கம்மி? நாங்க கேட்டோமா?" என்றார். குரல் உயரவில்லை. மேசைமேல் நோட்டுகளை வைத்தார்.

சித்தி வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். சித்தியோ நோட்டுகளை எடுத்து நிதானமாக எண்ணினாள்.

"இன்னும் நூறு ரூபா குறையுதுங்க. நாளைக்குக் குடுத்துவிட்டாப் போதும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா என்று இரண்டு நாள் சித்தியோடு பேசவில்லை.

ஸ்டுடியோவில் அன்று தோழியின் அம்மாவோ, "காலையிலேயே வந்துடும்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன காபியை முழுக்கக் குடித்தார். நூறு ரூபாய் குறைகிறது என்று கேட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.