மண் அத்தரும் கல்சட்டியும்

"யாருக்குங்க அம்மணி?"

அத்தர் கடைக்காரர் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த என் பெண் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்பின் ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் எங்கள் வீட்டில் நான்கு பேர். மில் ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவர், அவருடைய அக்கா, நான், குழந்தை. கணவரின் அக்காவை எங்கள் வீட்டில் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பிக்குச் சோறாக்கிப் போட வந்தவர், அப்படியே வீட்டை நடத்தத் தொடங்கிவிட்டார். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைக்குப் போவது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை வேலை. சேலை வேண்டுமென்றால் கடைக்காரர் மூட்டையை வீட்டுக்கே அனுப்புவார், உள்ளே உட்கார்ந்து எடுத்துக்கொள்வோம். பாத்திரம் என்றால் என் கணவர் வாங்கி வருவார். அவர் வாங்கி வந்த கல்சட்டி ஒன்று முதல் கொதியிலேயே இரண்டாகப் பிளந்தது. அடியில் கோடு ஓடியிருந்ததை அவர் பார்க்கவில்லை. மாக்கல்லில் கடைந்த சட்டியைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, மணி மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆபீஸ் விட்டு வருகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? "நானே போய்ப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று ஒரு மாதமாகக் கேட்டேன். கடைசியில் நங்கைதான் இறங்கி வந்தார்.

"படிச்ச புள்ள, போயிட்டு வரட்டும் தம்பி. ஜட்காவுல போயி ஜட்காவுல வந்துரோணும் அம்மணி. கண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

எட்டாவது வரை பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போனவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு தனியாக வாசற்படி தாண்டியது அன்றுதான். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் குழந்தை அழுகிற மாதிரி மூன்று தடவை காதில் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

கடைவீதியில் வைக்கோல் மேல் கல்சட்டிகளைப் பரப்பி ஓர் அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க அம்மணி, சட்டி வாங்க வந்தீங்களா, கதவு தட்ட வந்தீங்களா?"

"தொறக்கறது எதுன்னு பாக்கறேனுங்க," என்றேன். அவர் சிரித்துவிட்டு, பின்னால் ஒதுக்கி வைத்திருந்த நல்ல சட்டிகளை எடுத்துக் காட்டினார். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். சட்டியை வாங்கி, வண்டி ஏறி மடியில் வைத்துக்கொண்டபோது ஏதோ ஜெயித்தது போல இருந்தது.

அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது. ஒப்பணக்கார வீதியில் பார வண்டிகள் வழி அடைத்து ஜட்கா நின்றது. நின்ற இடம் ஓர் அத்தர் கடை. "ஒரு நிமிஷம்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். குச்சியில் சுற்றிய பஞ்சில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார். மருக்கொழுந்து, தாழம்பூ, வெட்டிவேர். எல்லாம் தெரிந்த வாசனை. கடைசியாக ஒரு சிறு குப்பியைத் திறந்தார்.

"இது மண்ணுங்க அம்மணி. வடக்கே சுட்ட மண்ணைத் தண்ணியில போட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில எறக்கறாங்க. கேக்கறவங்க ரொம்பக் கம்மி."

முகர்ந்தேன். காய்ந்த செம்மண்ணில் முதல் தூறல் விழுந்து, இரண்டாவது தூறல் இன்னும் விழாத அந்த நேரத்து வாசனை. இது எனக்கு வேண்டும் என்று பட்டது. குழந்தைக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டும், அவருக்கு வேண்டும் என்றுதான் எனக்கு எப்போதும் படும்.

அப்போதுதான் கேட்டார். "யாருக்குங்க அம்மணி? ஊட்டுக்காரருக்கா? ஆளுக்கு ஏத்த மாதிரிதான் குடுக்கோணும்."

"சாமிக்குங்க" என்று என் வாய் சொன்னது. அவர் குப்பியை மூடி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் நங்கை சட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல சட்டி அம்மணி. உன்ற காது நல்ல காது" என்றார். அத்தரைப் பற்றி அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதுக் கல்சட்டியை உடனே அடுப்பில் ஏற்றக் கூடாது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி நாள்கணக்கில் ஊறவைத்து, சூடான கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, கல்லைப் பழக்க வேண்டும். பழக்கத் தொடங்கியவளே முடிக்க வேண்டும், நடுவில் வேறு கை படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனவே அந்த வீட்டில் நங்கையின் கை போகாத ஒரே இடம் அந்தச் சட்டிதான். குப்பியைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்துத் தட்டால் மூடினேன். காலையில் நங்கை குளிக்கப் போகும்போது திறந்து ஒரு தடவை முகர்வேன். அவ்வளவுதான். உடம்பில் ஒரு சொட்டுக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் தொட்டிலை விட்டு நான் நகரவில்லை. காய்ச்சல் விட்டதும் சட்டியைத் திறந்தேன். எண்ணெய் பட்டுத் தக்கை வழுக்கியிருந்தது. குப்பி சாய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. எண்ணெய்க்கு ஏங்கிக்கொண்டிருந்த கல், அத்தரையும் எண்ணெய் என்று குடித்துவிட்டது. அரப்பு போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத்தோல் போட்டுத் தேய்த்தேன். மூக்கு பழகிப்போனதாலோ என்னவோ, வாசனை போய்விட்டது என்றே நம்பினேன். மறுபடி எண்ணெய் பூசி, குறை நாட்களையும் பழக்கி முடித்தேன்.

முதல் சமையல் கொள்ளுப் பருப்பு. சூடு ஏறியதும் கல் தன் வேலையைக் காட்டியது.

என் கணவர் முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார். "கொள்ளைக் கழுவுனியா இல்லியா அம்மணி? மண்ணு வாசம் அடிக்குது."

நங்கை ஒரு விரலில் தொட்டு முகர்ந்தார். "தோட்டத்தோட தூக்கிக் கொதிக்க வெச்சுப்போட்டயா?"

"மூணு தண்ணி கழுவுனேனுங்க நங்கை."

"அப்ப நாலாவது தண்ணிக்கு மழையே பேஞ்சுதாக்கும்."

கணவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சோம்பேறி என்று பெயர் வாங்கினாலும் சரி, குப்பி விஷயம் வெளியே வரக் கூடாது என்றிருந்தேன். ஆனால் நங்கை சிரிக்கவில்லை.

"மண்ணு இருந்தா கல்லும் இருக்குமுங்க தம்பி. காச்சல் உட்டு இப்பத்தான் எந்திரிச்ச கொழந்தை. நாளையிலிருந்து கண்ணுக்கு நானே கஞ்சி காச்சி நானே ஊட்டறேன்." சொல்லிக்கொண்டே குழந்தையின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் காலிக் குப்பியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். "மண்ணு கொள்ளுல இல்லீங்க. சட்டியில இருக்குது. மண் அத்தருங்க. நான்தான் வாங்குனேன்."

நங்கை குப்பியை முகர்ந்தார். முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். "மழை பேஞ்சா சும்மா வர்ற வாசம். இதுக்குப் போயிக் காசு குடுத்தயா?"

"அடுத்த தடவை சாணி அத்தர் கேட்டு வாங்கியா. தொழுவம் இல்லாத கொறை தீரும்," என்றார் என் கணவர். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"அது கெடக்குது. யாருக்கு வாங்குன?" என்றார் நங்கை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிண்ணம் அவர் முந்தானையில் இருந்தது.

தீர்ப்பு அப்போதே ஆயிற்று. கொள்ளில் குற்றம் இல்லை என்பதால் கிண்ணம் என்னிடம் திரும்பி வந்தது. "இனிமே ஒண்டியா எங்கியும் போக வேண்டாம். எது வேணும்னாலும் எங்கிட்டச் சொல்லு" என்று கணவர் முடித்துவிட்டார்.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் குப்பியை ஒளித்து வைத்தேனே, அவள் எடுத்து வாயில் வைத்திருந்தால்? இதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஏன் ஒளித்தேன்? என் கணவர் கல்யாணங்களுக்குப் போகும்போது சட்டைக்குள் ஜவ்வாது தடவிக்கொள்கிறார். யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. தினமும் வெற்றிலையும் புகையிலையும் வாங்குகிறார். யாருக்கு என்று கேட்டதில்லை. நான் கல்சட்டி வாங்கினால் நல்ல காது. கூடவே ஒரு விரற்கடைக் குப்பி வாங்கினால் தலை குனிந்து நிற்க வேண்டும். அன்று தலை குனிந்து நின்ற என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

மறுவாரம் கணவர் ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்தார். மேலே தொப்பி வைத்த ஒரு துரைசானி படம். "இங்கிலீஷ் சரக்கு. மண்ணை உட இது எத்தனையோ தேவலை." முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மூடியைத் திறந்தால் தலைவலித் தைலமும் சர்க்கரைப் பாகும் கலந்த வாசனை. இதை நான் கேட்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றேன். குழந்தை நான்கு தும்மல் தும்மினாள். பாட்டில் அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது.

கல்சட்டி பரண் மேல் இருக்கிறது. அடுத்த மாதம் தோட்டத்து வண்டி வரும்போது அதை அனுப்பிவிட வேண்டுமாம். "கோழிக்குத் தண்ணி வெக்கட்டும்" என்கிறார் நங்கை. நான் தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்த சட்டியில் கோழி தண்ணீர் குடிப்பதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை அடுப்பில் வைத்து, குற்றம் சொல்ல முடியாத ஒரு குழம்பு ஆக்கிக் காட்டிவிட்டால், மறுபடி கடைவீதிக்குப் போக விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆகவே படிக்கிற சகோதரிகளைக் கேட்கிறேன். கல்லுக்குள் ஏறிய வாசனையை இறக்க வழி உண்டா? உமி நெருப்பில் வாட்டலாமா, மோரில் ஊறப்போடலாமா? வண்டி வருவதற்குள் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் மறுபடி அந்த அத்தர் கடைக்குப் போனால் அவர் அதையே கேட்பார். "எனக்குங்க" என்று வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் "சாமிக்குங்க" என்றே வருகிறது. உங்களில் யாராவது ஒரு கடையில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.