மீல் பிளானில் வந்த அமாவாசை

எல்லாரும் ராட்டினத்தையும் தண்ணீர்ச் சறுக்கையும் பார்த்து ரிசார்ட் தேடுவார்கள். நான் சாப்பாட்டைப் பார்த்துத் தேடினேன். அம்மா போன இரண்டு வருடமாக அப்பா வடகரப்பதி வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். சமையல் என்றால் காலையில் வைத்த ரசம், அதுவே ராத்திரிக்கும். பாலக்காட்டில் எங்களோடு வந்து இருங்கள் என்றால் மாட்டை யார் பார்ப்பது என்பார். சர்க்கரை வியாதி வேறு. இரண்டு நாளாவது மனிதர் உட்கார்ந்த இடத்தில் விதவிதமாகச் சாப்பிடட்டும் என்று, பார்க்கோடு சேர்ந்த அந்த ரிசார்ட்டில் குடும்ப மீல் பிளான் எடுத்தேன். காலை, மதியம், மாலைப் பலகாரம், இரவு, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கையில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். அதைக் காட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாப்பிடாவிட்டால் அது நம் பாடு.

தேதியைக் கொடுத்தவர் அப்பாதான். "அன்னைக்குன்னா தோட்டத்துல ஒரு வேலையும் இல்லை கண்ணு, ஆளுங்களும் வராது" என்றார். ஏன் வராது என்று நான் கேட்டிருக்க வேண்டும். விவசாயக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அதைக் கேட்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம்.

ரிசார்ட்டுக்குப் போன அன்று இரவு அப்பா ஐந்து வகை சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு அவர் கையில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்துவிட்டு, இட்லி, பொங்கல் எல்லாம் ஒரு தட்டில் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு அமாவாசையல்லோ. காக்காய்க்கு வெச்சுப்போட்டுத்தான் சாப்பிடோணும்."

மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதான் ஆளுங்க வராதுன்னீங்களா? ஏனுங்கப்பா, அமாவாசைன்னு தெரிஞ்சுமா இந்தத் தேதியச் சொன்னீங்க?"

"ஏன், இந்த ஊர்ல காக்கா இருக்காதா?"

அம்மா இருந்தவரை அமாவாசை விரதம் அம்மாவுடையது. அப்பா அவளைக் கேலி செய்துகொண்டே எட்டரைக்கெல்லாம் சாப்பிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அவள் போன பிறகு, யாரும் சொல்லாமலே அதை அவர் எடுத்துக்கொண்டார். இப்போது வாசலுக்கு வரும் காக்காய் அவருக்கு அம்மாதான். அதை வைத்து நான் சண்டை போட முடியாது. போட்டேன் என்பது வேறு விஷயம். கடைசியில், உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமல் இருக்க, காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். காப்பி விரதத்தில் சேராதாம், குடித்தார்.

என் வீட்டுக்காரர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அலைக்குளத்துக்குப் போய்விட்டார். அந்த மாதிரி நேரங்களில் அவருக்குக் குழந்தைகள் மேல் பாசம் பொங்கும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு மணிக்கே அப்பா கதவருகில் முதல் ஆளாக நின்றார். வேறு யாரும் கை வைப்பதற்கு முன்பு சோறு எடுக்க வேண்டுமே. கதவு திறந்ததும் சோறு, பருப்பு, நெய், ஒரு அப்பளம் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு நேராக வெளி வாசலுக்கு நடந்தார். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"ஃபுட் புறத்து கொண்டுபோகான் பற்றில்லா."

வெளியே எடுத்துப்போகக் கூடாது, பிளான் விதி. ஒரு பட்டையைக் காட்டி ஒரு குடும்பமே சாப்பிட்டுவிடும் என்று பயம். நான் அமாவாசை, காக்காய், இறந்துபோன அம்மா எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். அவர் பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே காக்காய் வராது என்றார். குளத்தில் எச்சமிடுகிறது என்று மேலெல்லாம் வலை கட்டியிருந்தார்கள். அது போதாதென்று ஒலிபெருக்கியில் பருந்துச் சத்தம். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு கொசு கூட இல்லை.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. நூறு பேர் எங்களைச் சுற்றிப் பிரியாணியும் ஐஸ்கிரீமுமாக வெளுத்துக் கட்டினார்கள். தட்டோடு உள்ளே திரும்பிய அப்பா, ஆறிப்போன சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது, அந்த ஏசியில். தண்ணீர் டம்ளரை எடுத்தவர் கை நடுங்கி மேஜையெல்லாம் கொட்டினார். மாத்திரையை விழுங்க வைத்தவள் நான்.

"அப்பா, ஒரு வாய் சாப்பிடுங்க. அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"அவ போன பொறகு அவளுக்கு வெக்காம நான் எந்த அமாவாசைக்கும் சாப்பிட்டதில்லை கண்ணு. பொறு."

சர்க்கரையை அவர் வாயில் போடப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதத்தில் மாடு தோற்றுவிடும்.

பட்டைகளைச் சரிபார்க்கும் கவுண்டரில் இருந்த பெண்மணி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து தமிழில் கேட்டார்.

"என்னக்கா, அமாவாசையா? எங்க ஊரு சூரியநெல்லி. தேயிலைத் தோட்டத்து லயத்துல எங்க வீட்டுலயும் வைப்பாக. அய்யாவப் பின்னாடி கூட்டிட்டு வாங்க, காக்கா அம்புட்டும் அங்கிட்டுத்தான் கெடக்கு."

அலங்காரத்துக்கு விரித்திருந்த வாழை இலையில் ஒரு துண்டைக் கிழித்து, புதிதாக வந்த பாத்திரத்திலிருந்து சோறும் பருப்பும் வைத்துக் கொடுத்தார். அப்பாவைத் தாங்கிக்கொண்டு சமையற்கட்டு வழியாகப் பின்பக்கம் போனோம். அங்கே மீந்த சாப்பாட்டைக் கொட்டும் டிரம்கள். சுற்றிலும் காக்காய், முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் பிரியாணி, வறுத்த மீன் என்று மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மீல் பிளானை உருப்படியாகப் பயன்படுத்தியவை அவைதாம்.

அப்பா இலையைச் சுவரில் வைத்து, "கா, கா" என்றார். குரல் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த ஒன்று பருப்புச் சோற்றை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பா மறுபடி கூப்பிட்டார். கால் மடிந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்மணி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஏம்மா! எத்தனை தடவை கூப்பிடறது? வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போனா என்ன? உன்னால எல்லாருக்கும் லேட்டு. எப்பப் பார்த்தாலும் உனக்கு இதே வேலை!"

இதை நான் காக்காயிடம்தான் சொன்னேன். காக்காய்களை நம்பாதவள் நான். என் சத்தத்துக்கு அத்தனையும் ஒரே மூச்சில் எழும்பிப் பறந்து போயின. சுவரில் இலை மட்டும் இருந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை.

"அவ இருக்கறப்பவும் நீ லீவுக்கு வந்தா இதே சத்தந்தான். பாதி நாள் அவ கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிருவா. நீ பஸ்ஸுக்குப் போன பொறகு நாந்தான் மறுக்காச் சோறு போட்டு உக்கார வெப்பேன்."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து இலையை எடுத்தார். ஒரு உருண்டையைச் சுவரின் மேலேயே விட்டுவிட்டு, மீதியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

"நீ இங்க நிக்காத கண்ணு, உள்ள போ" என்றார் வாயில் சோற்றோடு. "நீ போனாத்தான் அவ வருவா."

நான் உள்ளே போனேன்.