குடிக்காத ஈரலில் கொழுப்பு

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், எங்கள் ஊரான ஈஜோக்கில் பக்கத்து வீட்டுச் சரோஜா துணிமணியை அள்ளிக்கொண்டு சுங்கை புரோங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் அவள் கணவர் மாணிக்கம் அண்ணனின் ஸ்கேன் செய்த வேலை. அவர் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவர்.

"ஈரல்ல கொழுப்புன்னு ஸ்கேன் எடுத்த பொண்ணு சொன்னதும், என்னம்மா, எனக்கா கொழுப்புன்னு கேட்டுட்டேன்" என்றார். சிரிக்க வந்தவர் அழுதுவிட்டார். "திருட்டுத்தனமா குடிக்கிறேன்னு அவ சொல்றா. ஒரு சொட்டு தொட்டதில்ல. நீ ஈரல் வேலதானே பாக்குற? நீயே சொல்லும்மா."

ஆமாம், ஈரல் வேலைதான். ஆய்வுக்கூடத்தில் மனித ஈரல் செல்களைத் தட்டில் வளர்ப்பது அப்போது என் பொறுப்பு. அவற்றுக்குப் பால்மிடேட் கொடுப்போம். செம்பனை எண்ணெயில் ஏராளமாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அது. சும்மா விட்டால் கட்டிப்பட்டுவிடும்; சூடாக்கி, அல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்துத்தான் செல் வளரும் திரவத்தில் கலக்க வேண்டும்.

செல்லுக்குள் கொழுப்பை எரித்துச் சக்தியாக்குவது மைட்டோகாண்ட்ரியா. சாயம் ஏற்றிப் பார்த்தால் பச்சை நூலாக மின்னும். பால்மிடேட் அளவு மீறினால் எரித்து மாளாது. மறுநாள் நூலெல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். செல் ஆக்சிஜன் எடுப்பதும் குறைந்துவிடும். கூடவே ஒலியேட் என்ற நிறைவுறாத கொழுப்பையும் கொடுத்தால், மிச்சத்தை உருண்டை பிடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொள்ளும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி!

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை புரோங்குக்குப் போனேன்.

"குடிக்காத மனுசனுக்கு ஈரல் கெடுமாக்கா? எங்கப்பாவ சம்சு சாராயம் கொண்டுபோனத கிட்ட இருந்து பாத்தவ லா நான்!" சரோஜாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கைப்பேசியில், கொழுப்போடு போராடும் ஈரல் செல்களின் படங்களைக் காட்டினேன். "குடிக்காதவங்களுக்கும் வரும் சரோஜா. அண்ணே, தே தாரிக் டீ எப்படிக் குடிப்பீங்க?"

"நிறுத்துற கடையிலெல்லாம். இனிப்புக் கெட்டிப்பால் தூக்கலா."

"சீனி மிஞ்சினா ஈரலே அதக் கொழுப்பாக்கிடும். முக்கியமா செம்பனை எண்ணெயில இருக்கிற அதே பால்மிட்டிக் அமிலத்தத்தான் செய்யும்."

"அடேயப்பா! நான் மில்லுக்கு ஏத்திட்டுப் போறேன், உள்ளுக்குள்ளயே ஒரு மில்லு ஓடுதா?" மாணிக்கம் அண்ணன் தன் வயிற்றையே பார்த்தார்.

சரோஜா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கப்பா ஈரலும் இப்படித்தான் போராடியிருக்குமாக்கா?"

"போராடியிருக்கும்மா."

செல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் கொழுப்பு என்ற சொல்லை விளக்கம் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் அனுப்பக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும், இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிப்பையைத் தூக்கினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம். உங்களுக்கு ஈரல்லதான் கொழுப்பு. எனக்கு வாயில."