வரப்பில் சிவப்புத் துணி

நான் ஐந்தாவது வரை படித்தவன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். எனக்கு நிலம் இல்லை. ஒரு பசு இருந்தது. வயல் யாருடையதாக இருந்தாலும் வரப்புப் புல் அறுக்கிறவருக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் புல்லை வைத்துத்தான் மாடு. மாட்டை வைத்துத்தான் வீடு.

முன்பு வரப்பை மண்வெட்டியால் செதுக்குவோம். இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த அன்று புல் பச்சையாகவே இருக்கும், பிறகுதான் காயும். அதனால் என் மனைவி அரிவாளை வைக்கும் முன் புல்லைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பாள். பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்பாள். சந்தேகம் வந்தால் வெறுங்கையோடு திரும்பி விடுவாள்.

மருந்து அடித்த புல்லைத் தின்று தெருவில் இரண்டு ஆடு செத்தது. கிராம சபையில் நான் எழுந்தேன். வரப்புக்கு மருந்து அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னேன்.

ஊரில் பாதி வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் சிரித்தார்.

"ஏம்ப்பா, வரப்பு செதுக்க ஆள் எங்க? எல்லாரும் நூறு நாள் வேலைன்னு போயி மரத்தடியில உக்காந்துடுறீங்க."

"கூப்புடுங்க, நான் வர்றேன்."

"நீயா? மண்வெட்டிதான் உன்னத் தூக்கிட்டு வரணும்."

கூட்டம் சிரித்தது. எனக்கு இடுப்பு போய் நாலு வருஷம் ஆகிறது.

பஞ்சாயத்துத் தலைவரம்மா குறுக்கே வந்தார். "அண்ணே, அடிக்கவே கூடாதுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அடிச்ச வரப்புல ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டட்டும். கட்டலைன்னா பஞ்சாயத்து அபராதம் போடும். சரியா?"

சரி என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "இனிமே மோந்து பாக்க வேணாம். துணி இல்லைன்னா நல்ல வரப்பு."

"நெசமாவாங்க?"

"புத்தகத்துல எழுதியாச்சு."

கொஞ்ச நாள் குச்சிகள் நின்றன. அவள் அவற்றைச் சுற்றிப் போய் அறுத்தாள். நேரத்தோடு திரும்பினாள்.

ஒரு நாள் காலை குத்தகைக்காரர் வயல் வரப்பில் ஒரு கட்டு அறுத்து வந்தாள். அங்கே குச்சி இல்லை. மாடு ஏழு மாதச் சினை. நன்றாகத் தின்றது. சாயங்காலம் வாயில் நுரை. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மாடு படுத்தது. எழுந்திருக்கவில்லை.

குத்தகைக்காரரிடம் போனேன். "மருந்து அடிக்கிற ஆளு குச்சி நட மறந்துட்டாம்ப்பா" என்றார்.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அபராதம் போடச் சொன்னேன். தலைவரம்மா கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் பீரோவிலிருந்து, கலெக்டர் ஆபீஸ் அனுப்பிய ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். பூச்சிமருந்து, களைக்கொல்லி விஷயத்தில் கட்டுப்பாடு விதிக்க ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. தீர்மானம் செல்லாது.

"இது எப்ப வந்துச்சு?"

"பதினஞ்சு நாள் இருக்கும்ணே" என்றார் தலைவரம்மா. "அடுத்த கிராம சபையில படிக்கலாம்னு வச்சிருந்தோம்."

"குத்தகைக்காரருக்குத் தெரியுமா?"

கிளார்க்தான் சொன்னார். "வந்த மறுநாளே அவரு நகல் வாங்கிட்டுப் போயிட்டாரு."

கத்தலாம் என்று நினைத்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? வந்துவிட்டேன்.

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். கொட்டகையில் மிச்சக் கட்டு கிடந்தது. அதற்குள் மஞ்சளாகியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மோந்து பாத்திருக்கணும்" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னவன் நான். அதை அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.