ஒழுகாத ஷவரை நான் நம்பவில்லை

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனியில், என் நாத்தனார் மெற்றில்டாவைப் பேறுகாலத்துக்காக மதுரையிலிருந்து மணப்பாட்டுக்கு அழைத்துப் போனோம். அவளுக்கு ஏழாம் மாதம். பஸ் குலுக்கல் ஆகாது என்று என் கணவர் தன் பழைய வேனுக்குள் படுக்கையும், ஓரமாக ஷவர் வைத்த ஒரு குளியலறையும் அமைத்திருந்தார். வேனில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தூத்துக்குடி வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். துறைமுகத்துக்கு அருகே வேனை நிறுத்தி, நான் முதலில் குளித்தேன். வெளியே வந்தால் படுக்கைக்கு அடியில் ஈரம். தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்துத் தார் போன்ற கீலைப் பூசுகிற ஒருவரை என் கணவர் கூட்டி வந்தார். அவர் குளியலறையின் தகரத் தரை ஓரமெங்கும், பழைய பூச்சுக்கு மேலேயே கீலைத் தடவினார்.

"பழசைச் சுரண்ட வேண்டாமா அண்ணாச்சி?"

"அது அங்கன கெடக்கட்டும்மா. கடல்லயே ஒழுகாது, இது என்ன?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. தோணி எந்நேரமும் தண்ணீரில் ஊறிக் கிடப்பது. எங்கள் குளியலறையோ கால்மணி நேரம் நனைந்து, பிறகு நாளெல்லாம் வெயிலில் காய்ந்து, ரோட்டில் குலுங்குவது.

கீல் இறுகியதும் வடிகால் துளையைத் துணியால் அடைத்து, நான்கு விரல் உயரம் தண்ணீர் விட்டு, பென்சிலால் கோடு போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். படுக்கைக்கு அடியில் ஈரமில்லை. வேனுக்குக் கீழேயும் ஒரு சொட்டு இல்லை. ஆனால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"வெயிலு குடிச்சிருக்கும் ஏளா" என்றார் கணவர்.

"ஒரு விரக்கடை தண்ணியவா?"

அதற்குள் மெற்றில்டா துண்டோடு வந்துவிட்டாள். "நான் குளிக்கட்டா மதினி?"

"நில்லு. உள்ள கால் வைக்காத."

தகரத்தை நெம்பி எடுத்தோம். சத்தம் வராமலிருக்க என் கணவர் அடியில் விரித்திருந்த சாக்கு, தண்ணீரை எல்லாம் குடித்து ஊதியிருந்தது. அதற்கும் கீழே பலகை கறுத்துக் கிடந்தது. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அந்தப் பலகைக்குக் கீழே ரோடுதான்.

"இவ ஏறியிருந்தா..." என்றார்.

கீல் பூசியவரே புதுப் பலகை கொண்டுவந்து போட்டார். சாக்கை எறிந்துவிட்டு, ஒட்டே இல்லாத ஒரே தகடாக, ஓரங்களை மடித்து, மூலைகளுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டோம். மறுபடியும் தண்ணீர் விட்டேன், கோட்டை விட்டு இறங்கவில்லை.

"இப்ப நம்புதியளா?" என்று கீல் பூசியவர் கேட்டார்.

"நாளைக்கும் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

வேனில் ஷவர் வைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டுப் புதிதைப் பூசுங்கள். குளித்ததும் துடைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். தரையை அவ்வப்போது காலால் அமுக்கிப் பாருங்கள். வெளியே ஒழுகினால்கூடப் பரவாயில்லை. எங்கே போகிறதென்று தெரியாத தண்ணீரைத்தான் நம்பக்கூடாது.

மறுநாள் காலை மெற்றில்டா குளித்தாள். என் கணவர் வெள்ளை வேட்டியோடு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

"அண்ணே, தண்ணி வருதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"வரல. நீ மெதுவா குளி" என்றார்.